பானையா, யானையா? கண்ணின் ஞாபகத்தை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

மே மாதம் சென்னையில் பகல் பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகளை வெளியே அனுப்ப முடியாது. போன கோடை விடுமுறையில் மந்தைவெளி வீட்டுக் கூடத்தில் அக்கா பிள்ளைகள் இரண்டு பேர், பக்கத்து வீட்டுப் பையன், அம்மா, நான் என்று ஐந்து பேர் மின்விசிறிக்குக் கீழே அடைந்து கிடந்தோம். பொழுது போக ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கம்பியால் கட்டியது போன்ற ஒரு பெட்டியை வரைந்து காட்டினேன்.

"பெட்டி தரையில இருக்கு சித்தி" என்றான் சின்னவன்.

"போடா, பரண் மேல இருக்கு" என்றாள் அவன் அக்கா.

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். அந்தப் படம் அப்படிப்பட்டது. விளையாட்டு அத்தோடு முடிந்திருக்கும். அந்த நேரம் குக்கர் விசில் அடிக்க, பத்திரிகையை மடியில் கவிழ்த்துவிட்டு எழுந்தேன். திரும்பி வந்து காட்டினால் பெரியவளுக்கு மறுபடியும் பரண். கவிழ்த்தேன், காட்டினேன், பரண். இன்னொரு முறை, பரண். இத்தனைக்கும் சற்று முன் கண் எடுக்காமல் பார்த்தபோது "தரை, இல்ல பரண், இல்ல தரை" என்று அரை நிமிஷத்துக்குள் பல தடவை மாற்றி மாற்றிச் சொன்னவள் அவள்.

விடாமல் பார்த்தால் புரள்கிறது, விட்டு விட்டுப் பார்த்தால் உறைந்து நிற்கிறது. இந்த வழிகாட்டி அதைப் பற்றியதுதான். ஒரு சனிக்கிழமை மதியம் போதும், செலவு ஒன்றும் இல்லை.

செய்வதற்கு முன் கொஞ்சம் விஷயம்

செய்யுளில் ஒரே சொற்கள் இரண்டு பொருள் தந்தால் சிலேடை என்கிறோம். ஒரே கோடுகள் இரண்டு உருவம் தந்தால் அதைச் சிலேடைப் படம் என்று இங்கே வைத்துக்கொள்கிறேன். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்குப் போனவர்கள் ரிஷபகுஞ்சரம் பார்த்திருப்பார்கள். யானைக்கும் காளைக்கும் ஒரே தலை. யானையின் உடலைக் கையால் மறைத்தால் காளை, காளையின் உடலை மறைத்தால் யானை. கையை எடுத்துவிட்டு இரண்டையும் ஒரே கணத்தில் பிடிக்க முயன்று பாருங்கள், நழுவும். கல்லைக் கண்டால் நாயைக் காணோம் கதைதான்.

கம்பிப் பெட்டிக்கு நெக்கர் கனசதுரம் என்று பெயர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த லூயி ஆல்பர்ட் நெக்கர் படிகங்களை ஆராய்ந்தவர். வரைந்து வைத்த படிகப் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்பின்னாகப் புரள்வதை 1832இல் எழுதினார். அவர் காட்டியது சாய்ந்த படிகம்; கனசதுரமாக அது நின்றுபோனது பிறகுதான்.

ஏன் புரள்கிறது? பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் சலிப்பு. ஒரு தோற்றத்தைத் தாங்கிப் பிடிக்கும் நரம்பணுக்கள் நேரம் ஆக ஆகத் தளர்கின்றன, எதிர்த் தோற்றம் மேலே வருகிறது. பாயசம் குடித்த கையோடு காபி குடித்தால் கசப்பு தூக்கலாகத் தெரிவது போல. சலிப்பு மட்டும்தான் என்றால், படத்தை மறைத்துவிட்டு மறுபடி காட்டும்போது எதிர்த் தோற்றம்தானே வரவேண்டும்? வருவதில்லை. டேவிட் லியோபோல்ட், நிகோஸ் லோகோதெடிஸ் குழுவினர் ஜெர்மனியின் டூபிங்கனில் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தெளிவாகக் காட்டியது. சிலேடைக் காட்சியைச் சில விநாடி காட்டிச் சில விநாடி மறைத்தால், தொடர்ந்து பார்க்கையில் சில விநாடிக்கு ஒருமுறை மாறும் தோற்றம் நிமிஷக் கணக்கில் மாறாமல் நிற்கும். போன வாரம் உட்கார்ந்த இடத்திலேயே இந்த வாரமும் போய் உட்காரும் டியூஷன் பிள்ளைகள் மாதிரி.

ஆக, சலிப்பு ஒரு பக்கம் தள்ளுகிறது, ஞாபகம் மறுபக்கம் இழுக்கிறது. கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கத்தான்.

தேவையானவை

கெட்டி அட்டை பதினைந்து (பழைய கல்யாணப் பத்திரிகையை மிஞ்ச எதுவும் இல்லை, பின்பக்கம் வெள்ளையாக இருக்க வேண்டும்), கறுப்பு ஸ்கெட்ச் பேனா, அளவுகோல், விநாடி முள் ஓடும் கடிகாரம் அல்லது செல்போன், பதில் குறிக்க ஒரு நோட்டு. விஷயம் தெரியாத ஆட்கள் மூன்று நான்கு பேர். கடைசியில் சொன்னதுதான் கிடைப்பது கஷ்டம். அதனால் அவர்களை வீணாக்காதீர்கள்.

படி 1: பெட்டி வரைதல்

5 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரம். அதே அளவில் இன்னொரு சதுரம், முதல் சதுரத்திலிருந்து 2 செ.மீ. வலப்பக்கமும் 2 செ.மீ. மேலேயும் தள்ளி. ஒத்த மூலைகளை நான்கு கோடுகளால் இணையுங்கள். எல்லாக் கோடுகளும் ஒரே தடிமனில் இருக்க வேண்டும். ஒரு கோடு தடித்தாலும் படம் ஒரு பக்கம் சாயும். சரியாக நடுவில் ஒரு புள்ளி. பார்ப்பவர் அந்தப் புள்ளியைத்தான் பார்க்க வேண்டும். கண் எந்த மூலையில் நிற்கிறதோ அந்த மூலை முன்னால் வந்துவிடும் என்பதால் புள்ளி கட்டாயம்.

கீழ்ச் சதுரம் முன்னால் தெரிந்தால் பெட்டியை மேலிருந்து பார்க்கிறீர்கள்: அது 'தரை'. மேல்ச் சதுரம் முன்னால் தெரிந்தால் பெட்டி தலைக்கு மேலே: அது 'பரண்'. பிள்ளைகள் வைத்த பெயர்தான், ஆனால் "முன்தோற்றம் அ, முன்தோற்றம் ஆ" என்பதைவிட நூறு மடங்கு மேல். யாரும் குழம்பவில்லை.

சிலேடை இல்லாத இரண்டு பெட்டிகளும் வேண்டும். படத்தின் உட்புறத்தில் மூன்று கோடுகள் சேரும் மூலைகள் இரண்டு இருக்கும். கீழ் இடது உள்மூலையில் சேரும் மூன்று கோடுகளையும் வரையாமல் விட்டால் உறுதியான தரைப் பெட்டி. மேல் வலது உள்மூலையின் மூன்று கோடுகளை விட்டால் உறுதியான பரண் பெட்டி. இரண்டையும் தனி அட்டைகளில் வரைந்து வையுங்கள்.

படி 2: ஒன்றும் சொல்லாமல் காட்டுதல்

நான் சொதப்பிய இடம் இது. "இது இரண்டு விதமாகத் தெரியும்" என்று ஆரம்பத்திலேயே உளறிவிட்டேன். படம் புரளும் என்று தெரியாதவர்களில் பலருக்கு அது புரள்வதே இல்லை. தெரிந்தவுடன் புரளத் தொடங்கிவிடும். இர்வின் ராக் உள்ளிட்டோர் 1970களிலேயே இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அதனால் "இந்தப் படத்தில் என்ன தெரிகிறது? மாறினால் சொல்லுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். ஒரு நிமிஷம். பதிலைக் குறித்துக்கொண்டு, அப்புறம் இரண்டு தோற்றங்களையும் விளக்குங்கள்.

இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒரு ஆள். நாங்கள் முதல் சுற்றில் எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்தோம். பெரியவள் கத்தியதையே மற்ற இருவரும் கத்தினார்கள். அந்தப் பக்கம் முழுவதையும் அடித்துவிட்டேன்.

படி 3: விடாமல் பார்த்தல்

புள்ளியைப் பார்த்தபடி இரண்டு நிமிஷம். புரளும்போதெல்லாம் பார்ப்பவர் மேசையை ஒரு தட்டு தட்ட வேண்டும், நீங்கள் கோடு போட்டு எண்ண வேண்டும். ஆளுக்கு ஆள் எண்ணிக்கை பெரிதாக மாறும். அதனால் ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாதீர்கள். அவரவரை அடுத்த படியில் அவரவரோடு ஒப்பிடத்தான் இந்த எண். இரண்டாம் நிமிஷத்தில் தட்டு கூடுகிறதா என்று மட்டும் பார்த்து வையுங்கள்.

படி 4: விட்டு விட்டுப் பார்த்தல்

இதுதான் உயிர்நாடி. நிதானமாகச் செய்யுங்கள்.

பெட்டி அட்டையின் மேல் வெற்று அட்டை ஒன்றை வைத்து மூடுங்கள். வெற்று அட்டையின் நடுவிலும் புள்ளி இருக்கட்டும், கண் அலையாது. ஒரு விநாடி திற, நான்கு விநாடி மூடு. திறக்கும்போது முதலில் எது தெரிந்ததோ அதை மூடியபின் ஒரே சொல்லில் சொல்ல வேண்டும்: தரை அல்லது பரண். இப்படி 20 முறை. நோட்டில் த, ப என்று எழுதிக்கொண்டே போங்கள். கை சளைத்தால் செல்போனில் படம் ஒரு விநாடி, சாம்பல் நிறத் திரை நான்கு விநாடி என்று ஸ்லைடு போட்டு ஓடவிடலாம்.

இடைவெளியைக் குறைக்க ஆசைப்படாதீர்கள். அரை விநாடிக்கும் குறைவாக மூடித் திறந்தால் பலன் தலைகீழாகிப் படம் இன்னும் அதிகமாகப் புரளும். 1963இலேயே ஆர்பக் என்பவரும் கூட்டாளிகளும் இதே கம்பிப் பெட்டியை மினுக்கி மினுக்கிக் காட்டி, மறைக்கும் நேரம் நீள நீளப் புரளல் முதலில் கூடிப் பிறகு குறைவதைப் பதிந்தார்கள்.

எண்ணுவது எப்படி? 20 பதில்களில் அடுத்தடுத்த ஜோடிகள் 19. ஜோடியில் இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரு டிக். ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டியது போல் முடிவானால் ஒன்பது, பத்து டிக் விழும். பதினாறு, பதினேழு விழுந்தால் ஞாபகம் வேலை செய்கிறது என்று துள்ளிக் குதிக்கலாம்.

குதிக்காதீர்கள். ஒரு ஓட்டை இருக்கிறது. நமக்கெல்லாம் பெட்டியை மேலிருந்து பார்த்துத்தான் பழக்கம், அதனால் தரை பக்கம் இயல்பாகவே ஒரு சாய்வு உண்டு. ஒருவர் 20இல் 16 முறை தரை என்கிறார் என்று வையுங்கள். முந்தைய பதிலுக்கும் அடுத்ததற்கும் தொடர்பே இல்லாவிட்டாலும் சராசரியாக 13 ஜோடி ஒன்றாகத்தான் விழும் (0.8 × 0.8 உம் 0.2 × 0.2 உம் சேர்ந்து 0.68, அதை 19ஆல் பெருக்குங்கள்). அது சாய்வு, ஞாபகம் இல்லை.

சாய்வைப் பிரிக்க வழி உண்டு. முதலில் உறுதியான பரண் பெட்டியை ஒரே ஒரு விநாடி காட்டுங்கள். பிறகு சிலேடைப் பெட்டியை விட்டு விட்டு 10 முறை. ஐந்து நிமிஷம் ஓய்வு, தண்ணீர், சண்டை. பிறகு உறுதியான தரைப் பெட்டியில் தொடங்கி இன்னொரு 10 முறை. முதல் வரிசையில் பரணும் இரண்டாவதில் தரையும் ஓங்கினால் சந்தேகமே இல்லை: படம் அதேதான், மாறியது அதற்கு முன் பார்த்தது மட்டும். எங்கள் வீட்டில் சின்னவன் சுபாவமாகத் தரைக்காரன். அவனே பரணில் தொடங்கிய வரிசையில் ஏழாவது திறப்பு வரை பரணை விடவில்லை. "நான் மாத்தணும்னு பாக்குறேன், அது மாற மாட்டேங்குது சித்தி" என்று அழாக்குறையாகச் சொன்னான். அந்தப் புகாரைத் தனியாகக் குறித்து வைத்தேன், ஏனென்றால் போன முறை சொன்ன சொல்லையே பழக்கத்தில் சொல்கிறானோ என்ற என் சந்தேகம் அதில் கொஞ்சம் தீர்ந்தது.

படி 5: ஞாபகம் எங்கே ஒட்டியிருக்கிறது

விருப்பம் இருந்தால் செய்யுங்கள், பொறுமை வேண்டும். பெரிய தாளின் நடுவில் ஒரு புள்ளி. கண் அதிலேயே இருக்க, பெட்டி அட்டையைப் புள்ளிக்கு இடப்பக்கம் வைத்து எட்டு முறை திறந்து மூடுங்கள். தோற்றம் உறைந்ததும் அட்டையை வலப்பக்கம் வைத்துத் திறங்கள். ஆய்வகங்களில் கண்டபடி இந்த ஞாபகம் பெரும்பாலும் கண்ணில் படம் விழும் இடத்தோடு ஒட்டியது. இடம் மாறினால் பிடி தளரும். நேற்று என்ன குழம்பு என்று நினைவில் வைக்கும் ஞாபகத்துக்கு இப்படி இடது வலது கிடையாது. எனக்கு இந்த இடம்தான் மொத்தத்திலும் பிடித்தது.

இடையில் வேறொரு சிலேடைப் படத்தைக் காட்டினாலும் முதல் படத்தின் ஞாபகம் அழிவதில்லை என்பது அதே டூபிங்கன் குழு 2003இல் கண்டது. இரண்டு படங்களை மாற்றி மாற்றிக் காட்டினால் ஒவ்வொன்றும் தன் கணக்கைத் தனியாக வைத்துக்கொள்ளும்.

படி 6: சலிப்பைத் தனியாகப் பார்த்தல்

உறுதியான பரண் பெட்டியை இந்த முறை ஒரு விநாடி அல்ல, முழுதாக இரண்டு நிமிஷம் முறைத்துப் பார்க்க வையுங்கள். உடனே சிலேடைப் பெட்டி. படி 4இல் பரணைக் காட்டியபோது பரண் வந்தது. இப்போது பெரும்பாலும் தரை வரும். குறுகிய பார்வை தன் பக்கம் இழுக்கிறது, நீண்ட பார்வை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. லாங், டொப்பினோ ஆகியோர் 1992இல் இந்த இரண்டையும் ஒரே ஆய்வுக்குள் வைத்துக் காட்டினார்கள். கண்ணாடி போட்டவர்கள் போட்டுக்கொண்டே செய்யட்டும். கண் எரிந்தால் நிறுத்துங்கள்.

படி 7: பானையும் யானையும்

பெட்டி எந்த ஊர்க்காரருக்கும் பொது. இது நமக்கு மட்டும்.

கட்டம் கட்டமாக எழுதினால் ப என்பது இரண்டு தூண், அடியில் ஒரு விட்டம். ய என்பது மூன்று தூண். வெளித்தூண்கள் 4 செ.மீ. உயரத்தில் ஒன்பது அட்டைகளில் ப எழுதுங்கள். முதல் அட்டையில் நடுத்தூண் இல்லை. இரண்டாவதில் அரை செ.மீ., மூன்றாவதில் 1 செ.மீ. என்று அரை அரையாக ஏற்றினால் ஒன்பதாவதில் முழு 4 செ.மீ. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'ானை' எழுதுங்கள். முதல் அட்டை ஐயமில்லாத பானை, ஒன்பதாவது ஐயமில்லாத யானை, நடுவில் உள்ளவை இரண்டும்கெட்டான்.

இப்போது 1இலிருந்து 9 வரை, அட்டைக்கு ஒரு விநாடி, ஒவ்வொன்றையும் வாசிக்கச் சொல்லுங்கள். எந்த அட்டையில் பானை யானையானது என்று குறியுங்கள். ஓய்வுக்குப் பின் 9இலிருந்து 1 வரை இறங்குங்கள். மாறும் இடம் ஒன்றாக இருக்காது: ஏறும்போது பானை நடுவைத் தாண்டியும் நீடிக்கும், இறங்கும்போது யானை நீடிக்கும். நடு அட்டை ஒன்றே ஒன்றுதான், ஆனால் எந்த வழியாக வந்தோம் என்பதைப் பொறுத்து அதன் பெயர் மாறுகிறது. காந்தத்தைப் பற்றிப் படித்தவர்களுக்குத் தயக்க வளையம் நினைவுக்கு வரும், அதே கணக்கு. 1967இல் ஃபிஷர் உருவாக்கிய, ஆண் முகம் சிறிது சிறிதாக மாறிப் பெண் உருவமாகும் படவரிசை இந்த வகைச் சோதனைக்குப் பேர்போனது. வரிசையை நாலைந்து முறைக்கு மேல் ஓட்டாதீர்கள், படி 6இன் சலிப்பு நுழைந்து மாறும் இடத்தை முன்னுக்கு இழுத்துவிடும்.

பிறகு இரண்டும்கெட்டான் அட்டை ஒன்றை மட்டும் எடுத்து, இதுவரை பார்க்காத ஆளிடம் போங்கள். ஒருவருக்கு முதலில் மாடு, நாய், குதிரை படங்கள். இன்னொருவருக்குக் கரண்டி, குடம், சட்டி படங்கள். அப்புறம் அட்டை. 1961இல் புகெல்ஸ்கியும் அலம்பேயும் எலியாகவும் மனித முகமாகவும் தெரியும் படத்தை வைத்துச் செய்தது இதுதான். விலங்குகளை முன்னால் பார்த்தவர்கள் எலியைக் கண்டார்கள். படத்தைக் காட்டாமல் "விலங்கு" என்று வாயால் சொல்லியும் ஒரு குழுவைச் சோதியுங்கள். கிழவியும் இளம்பெண்ணுமாகத் தெரியும் புகழ்பெற்ற படத்தை வைத்து ராபர்ட் லீப்பர் 1935இல் செய்த சோதனையில், முன்கூட்டிக் காட்டிய படம் ஏறக்குறைய எல்லோரையும் கட்டிப்போட்டது, வாய்விளக்கம் அந்த அளவுக்குப் பிடிக்கவில்லை.

காலமும் ஒரு முன்படம்தான். சூரிச் மிருகக்காட்சி சாலை வாசலில் புரூகர் இணையர், ஒரு பார்வைக்கு வாத்தாகவும் மறுபார்வைக்கு முயலாகவும் தெரியும் வாத்து முயல் படத்தைப் பார்வையாளர்களிடம் காட்டினார்கள் (1993இல் வெளியானது). அங்கே ஈஸ்டர் என்றாலே முயல் பொம்மைதான்; ஈஸ்டர் ஞாயிறன்று முயல் ஓங்கியது, அக்டோபரில் பறவை ஓங்கியது. நம் ஊரில் இதற்கு வாத்தும் முயலும் வேண்டாம். தை பிறக்கும் வாரத்தில் தெருவுக்குத் தெரு பொங்கல் பானை அடுக்கியிருக்கும், விநாயகர் சதுர்த்தி வாரத்தில் அதே இடத்தில் களிமண் பிள்ளையார் உட்கார்ந்திருப்பார். பானையும் பிள்ளையாரும் செய்யும் கொசப்பேட்டைக்காரர்களுக்கு இரண்டும் ஒரே மண். அட்டையை எடுத்துக்கொண்டு இரண்டு வாரங்களிலும் மாட வீதியில் ஒரு நடை போய்வாருங்கள். வெவ்வேறு ஆட்களிடம், ஒரே அட்டையை, ஒரே கேள்வியோடு. நான் இன்னும் சதுர்த்திப் பாதியைத்தான் முடித்திருக்கிறேன்.

படி 8: கண்ணை மூடிக்கொண்டு

சின்ன உபரி. வாத்து முயல் படத்தைப் பார்த்தே இராத ஒருவருக்கு அதை ஐந்து விநாடி காட்டி எடுத்துவிடுங்கள். "என்ன?" "வாத்து." இப்போது மனத்தில் உள்ள அந்தப் படத்தில் வேறு ஏதாவது தெரிகிறதா என்று கேளுங்கள். 1985இல் சேம்பர்ஸ், ரைஸ்பெர்க் இதைச் செய்தபோது மனப்படத்தை ஒருவராலும் புரட்ட முடியவில்லை. அதையே நினைவிலிருந்து தாளில் வரையச் சொன்னார்கள். தங்கள் கையால் வரைந்ததைப் பார்த்ததும் மற்றதைக் கண்டுபிடித்தார்கள். பின்னால் வந்தவர்கள் குறிப்புக் கொடுத்துச் சிலரை மனத்துக்குள்ளேயும் புரட்ட வைத்தார்கள், ஆனால் தானாக வருவது அபூர்வம். எங்கள் அம்மா வரைந்த முயலுக்கு அலகு மட்டும் மிச்சமிருந்தது, அது வேறு கதை.

சில நடைமுறைச் சிக்கல்கள்

தூக்கக் கலக்கத்தில் இருப்பவரைச் சோதிக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு 20 திறப்புக்கு மேல் பொறுமை இருக்காது, "பரண்" என்பதைப் பாட்டாகப் பாட ஆரம்பித்துவிடுவார்கள். அட்டையில் வெளிச்சம் ஒரே சீராக விழ வேண்டும். ஜன்னல் பக்கம் வைத்தால் நிழலே ஒரு தோற்றத்துக்குச் சாதகமாகிவிடும். பதில் வரத் தாமதமானால் 'கேள்விக்குறி' போடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். யாருக்கு எது முதலில் காட்டினீர்கள் என்பதை ஒவ்வொரு வரிசைக்கும் தலைப்பிலேயே எழுதுங்கள், அது இல்லாவிட்டால் மற்ற எண்களுக்கு அர்த்தமே இல்லை.

ஐந்தாம் எண் அட்டை இன்னும் எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. நடுத்தூண் சரியாக 2 செ.மீ. சதுர்த்தி முதல் வீட்டில் எல்லோருக்கும் அது யானை, வேறெதுவும் ஆக மறுக்கிறது. போன வாரம் சிலிண்டர் போட வந்தவர் அடுப்படியில் நின்று அதைப் பார்த்துவிட்டு, "எதுக்கும்மா பானைன்னு எழுதி ஒட்டி வச்சிருக்கீங்க?" என்றார். நோட்டை எடுக்க ஓடினேன். திரும்பும்போதுதான் கவனித்தேன், அவருக்கு நேர் எதிரே மேடையில் அம்மா சோறு வடிக்கக் கவிழ்த்து வைத்த பானை இருந்தது. அவர் பதிலைக் கணக்கில் சேர்க்கவில்லை.